முன்கண்ணாடிப் பொத்தான்

ஜனவரி 12, வெள்ளி

இந்தக் கொப்பி காருக்காக வாங்கியது. கராஜில் இருக்கும் ஹில்டே சொன்னபடி எழுதுகிறேன். எஞ்சின் எப்போதெல்லாம் தானாக ஸ்ராட் ஆகிறதோ, அந்த நேரம், இடம், வெளிக்குளிர், பற்றரியின் மிச்சம் எல்லாவற்றையும் குறிக்கவேண்டுமாம். பன்னிரண்டு நாள் எழுதிக்கொண்டு வா, பிழையைப் பிடித்துத் தருகிறேன் என்றாள்.

கார் இரண்டு விதத்திலும் ஓடும். வீட்டில் வயரைச் செருகிச் சார்ஜ் பண்ணலாம், பெற்றோலும் அடிக்கலாம். பற்றரி தீரும்வரை பூனை மாதிரிச் சத்தமில்லாமல் போகும், அதன் பிறகுதான் எஞ்சினுக்கு வேலை என்று விற்றவன் சொன்னான். நான் ஒஸ்லோவில் இருபத்துநான்கு வருடம் பஸ் ஓட்டியவன். என்னைக் கேட்காமல் எந்த எஞ்சினும் ஸ்ராட் ஆனதில்லை. இந்தக் கார் பற்றரி முக்கால்வாசி இருக்கும்போதே, நின்ற இடத்தில் நின்றபடி உறுமுகிறது.

முதல் தடவை இன்று. மாலை 5.40. குளிர் -13. இடம்: லோரன்ஸ்கூக், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் கார் தரிப்பிடம்.

அங்கே போனது தவமலரை இறக்கிவிட. மகள் ஆரணிக்குச் செவ்வாய்க்கிழமை பெண்பிள்ளை பிறந்து, இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை நின்று பத்தியம் சமைத்துக் கொடுக்கவேண்டும் என்று தவமலர் சரக்குத்தூள், நல்லெண்ணெய், உள்ளி என்று மூன்று பை நிறையக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். என் மனைவி ஒரு மாதத்துக்கு வீட்டில் இல்லை என்பது அதற்கு அர்த்தம்.

நான் மேலே போகவில்லை. அந்த வீட்டுக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தவமலர் இறங்கிய பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர் உள்ளே வந்து முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, வாசல்மட்டும் வந்திட்டியள். ஒருக்கா ஏறிப் பேத்தியைப் பாத்திட்டுப் போங்கோவன்."

அந்த நேரம் பார்த்து எஞ்சின் உறுமியது. கார் பிழையாய்க் கிடக்கு, கராஜ் பூட்ட முதல் போகவேணும் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பொய் இல்லை. நேரே கராஜுக்குத்தான் போனேன்.

ஜனவரி 13, சனி

காலையில் கடைக்குப் போய்ப் பாண், பால், உருளைக்கிழங்கு வாங்கினேன். -11. எஞ்சின் மூச்சுவிடவில்லை.

ஒரு பிழையைப் பிடிக்கவேண்டுமானால் அதே தூரம், அதே நேரம், அதே இடம் என்று சோதிக்கவேண்டும். ஆகவே மாலை மறுபடியும் லோரன்ஸ்கூக். போக வர இருபத்திரண்டு கிலோமீற்றர், பற்றரி தாங்கும். தரிப்பிடத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் இருந்தேன். 5.50க்கு ஸ்ராட் ஆனது. பற்றரி பாதிக்கு மேல் இருந்தது.

ஜனவரி 15, திங்கள்

தைப்பொங்கல். பொங்கவில்லை. என்னோடு பஸ் ஓட்டிய குலேந்திரன் தொலைபேசியில் வீட்டுக்கு வரச் சொன்னான். துடக்கு, வரமுடியாது என்றேன். யாருக்கு என்ன என்று கேட்டான். சொல்லவேண்டி வந்தது. பேத்தி பிறந்திருக்கு என்று நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"மகளின்ரை பிள்ளைக்கு உங்களுக்கென்ன துடக்கு அண்ணை? அது மருமோன்ரை ஆக்களுக்கெல்லோ" என்று அவன் சிரித்தான். பிள்ளை பிறந்த தீட்டு மருமகன் பக்கத்துக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். வாயில் வந்துவிட்டது.

மாலை சோதனை: 5.45, -14. ஸ்ராட் ஆனது. இரண்டாம் மாடியில் இடது கோடிச் சமையலறை யன்னலில் பச்சைத் திரை விலகி, கொஞ்ச நேரத்தில் மூடியது. அது காருக்குச் சம்பந்தமில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

5.40. -15. ஸ்ராட் ஆனது. திரை விலகியது.

ஜனவரி 17, புதன்

5.55. -12. கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. பிறகு எஞ்சின் வந்தது. திரை விலகித் தவமலர் நின்றாள். கையில் ஏதோ வெள்ளையாக வைத்திருந்தாள். தலையணையாக இருக்கலாம். எனக்கு இப்போது தூரப்பார்வை அவ்வளவு சரியில்லை, மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டும்.

ஜனவரி 20, சனி

வீட்டைக் கூட்டினேன். இரண்டு நாளைக்கு முந்திய பருப்பைச் சூடாக்கித் தின்றேன். வாயைத் திறந்து யாரோடும் கதைக்காமல் பொழுதுபட்டது. ரீவியை நிறுத்தினால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்கிறது. இத்தனை வருடமாக அது இரையும் என்றே எனக்குத் தெரியாது.

தவமலர் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு எடுப்பாள். சாப்பிட்டனீங்களோ, குளிசை போட்டனீங்களோ, பூக்கண்டுக்குத் தண்ணி விட்டனீங்களோ. பிள்ளையைப் பற்றி அவளாகச் சொல்வதில்லை, நானாகக் கேட்பதில்லை. இன்று மட்டும், "கார் எப்பிடி, இன்னும் சத்தம் போடுதோ?" என்றாள். போடுது என்றேன். "போடட்டும், போடட்டும்" என்றாள். காரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

அலுமாரியில் தவமலரின் நீலப்பூக் கோப்பைகள் பன்னிரண்டு இருக்கின்றன. நான் ஒன்றையே கழுவிக் கழுவிக் குடிக்கிறேன். பின்னால் கடதாசிக் கப் கட்டு ஒன்று கிடக்கிறது. இருபது கொண்ட கட்டில் பத்தொன்பது மிச்சம். எறியவேண்டும் என்று எடுத்தேன், பிறகு அங்கேயே வைத்துவிட்டேன்.

5.45, -10. ஸ்ராட் ஆனது. திரை விலகியது.

ஜனவரி 22, திங்கள்

-9. ஸ்ராட் ஆனது. திரை. தலையணை அசைந்தது.

ஜனவரி 24, புதன்

கராஜ். குறிப்புகளை நோர்வேஜிய மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திரையை எழுதவில்லை.

ஹில்டே ஐம்பது வயதுக்காரி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். தாளை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு காரில் ஒரு வயரைக் கொழுவிக் கணினியைப் பார்த்தாள். ஏன் எல்லாமே ஒரே இடம், இந்தக் கார் ஒவ்வொரு மாலையும் முக்கால் மணி நேரம் ஓடாமல் நிற்கிறதே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். சோதனைக்காகத்தான் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

காரை வெளியே முற்றத்தில் விட்டு, என்னை ஓட்டுபவர் இருக்கையில் இருத்தி, தானும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இருவரும் சும்மா இருந்தோம். மூச்சுப்பட்டு முன்கண்ணாடி மங்கிக்கொண்டு வந்தது. இப்போது அங்கே வழக்கமாகச் செய்வதைச் செய் என்றாள். நான் கை நீட்டி முன்கண்ணாடி ஆவி போக்கும் பொத்தானை அமத்தினேன். எஞ்சின் உறுமியது.

காரில் பிழையே இல்லையாம். கடுங்குளிரில் அந்தப் பொத்தானை அமத்தினால் நிறையச் சூடு வேண்டும், அதற்கு எஞ்சினைத்தான் கார் எழுப்பும், கையேட்டில் இருக்கிறது என்றாள். கார் தானாக ஸ்ராட் ஆகவில்லை, ஒவ்வொரு தடவையும் நீதான் அதைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று சொல்லி இறங்கிப் போனாள்.

இருபத்துநான்கு வருட பஸ் சாரதிக்கு இது வெட்கம். வெளியே பார்க்கவேண்டும் என்ற அவசரத்தில் கை தானாகப் போயிருக்கிறது.

ஜனவரி 25, வியாழன்

ஒரு பழைய பருத்தித் துணியைக் காருக்குள் வைத்திருக்கிறேன். ஆவி படிந்தால் துடைத்தால் போச்சு. லோரன்ஸ்கூக், 5.45, -11. எஞ்சின் வரவில்லை. சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் திரும்பினேன். நான் அங்கே நின்றது ஒரு குருவிக்கும் தெரியாது. வெற்றி.

திரை விலகவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

எஞ்சின் வரவில்லை. திரை விலகவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

வரவில்லை. விலகவில்லை. ஒரு மணி நேரம் இருந்தேன். துணி நனைந்துவிட்டது.

ஜனவரி 30, செவ்வாய்

ஏழு மணிக்குத் தவமலர் எடுத்தாள். நான் அப்போதுதான் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"கார் திருத்தியாச்சோ?"

"ஓம். இப்ப ஒரு சத்தமும் இல்லை."

"அப்பிடியோ? நான் நீங்கள் வாறதை விட்டிட்டியளாக்கும் எண்டு நினைச்சன்" என்றாள்.

எங்கே வாறதை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குளிசை போட்டனீங்களோ என்று கேட்டு வைத்துவிட்டாள். நான் ஒரு சப்பாத்தோடு அப்படியே கதிரையில் இருந்தேன்.

ஜனவரி 31, புதன்

போகவில்லை. பனி கொட்டியது. முற்றம் வழித்தேன்.

பெப்ரவரி 2, வெள்ளி

காரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிழை இல்லாத காருக்கு எதற்குக் கொப்பி. ஆனால் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன, எனக்குக் கதைக்கவும் ஆளில்லை.

கடதாசிக் கப்பைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் ஆரணி நிரூபனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டினால் இவரைத்தான் என்று சொல்லியிருந்தாள். வாட்டசாட்டமான பிள்ளை, பொறியியல் படித்தவன், மரியாதையாகக் கதைத்தான். அவன் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ் மாதிரியே இருந்தது. நான் கேட்டேன், "ஊரிலை எவடம்?" சொன்னான். "அதிலை எந்தக் கோயிலடி?" எங்கள் ஆட்கள் இடம் அறியக் கேட்கிற கேள்வியில்லை இது. என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டுக் கேட்கிற கேள்வி. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மழுப்பாமல் சொன்னான்.

நான் எழும்பிச் சமையலறைக்குப் போனேன். தவமலர் தட்டத்தில் நீலப்பூக் கோப்பைகள் நான்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள். நான் ஒன்றை எடுத்து, அதிலிருந்ததைக் கடதாசிக் கப்பில் ஊற்றி, கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். கோப்பை போதாது என்று ஆரணிக்குச் சொன்னேன். அவளுக்கு அலுமாரியில் பன்னிரண்டு இருப்பது தெரியும்.

ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடி வேலிக் கதியாலில் ஒரு தகரப்பேணி தனியாகக் கவிழ்ந்திருக்கும். வேலைக்கு வருகிற ஆட்களுக்கு அப்பா அதில்தான் தேத்தண்ணி கொடுப்பார். குடித்தவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். அது கொடுமை என்று பதினேழு வயதில் நான் அப்பாவோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஐம்பது வருடம் கழித்து, ஒஸ்லோவில், ஒருவரும் கேட்காமல், நானே அந்தப் பேணியைத் தேடி எடுத்திருக்கிறேன்.

நிரூபன் கடைசிச் சொட்டுவரை குடித்தான். கப்பை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். தேத்தண்ணி நல்லாயிருந்தது மாமா என்று சொல்லிவிட்டுப் போனான். அவனோடு எழும்பிப் போன ஆரணி இன்றுவரை வரவில்லை. கலியாணத்துக்குத் தவமலர் தனியாகப் போய் வந்தாள்.

நான் செய்தது ஈனத்தனம். இதை எழுத இரண்டு மணி நேரம் எடுத்திருக்கிறது.

பெப்ரவரி 5, திங்கள்

கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். தைப்பொங்கலிலிருந்து எஞ்சின் வந்த ஒவ்வொரு நாளும் திரை விலகியிருக்கிறது. எஞ்சின் வராத ஒரு நாளும் விலகவில்லை. பிழை பிடிக்கத் தெரிந்தவன் என்று பெயர்தான், இது என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது.

நான் கீழே நிற்கிறேன் என்று அவளுக்கு அந்தச் சத்தம்தான் சொல்லியிருக்கிறது. சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்கு வந்திருக்கிறாள். தலையணை இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்.

நான் காரைத் திருத்தியதிலிருந்து பதினொரு நாள் பிள்ளையைக் காணவில்லை.

பெப்ரவரி 6, செவ்வாய்

லோரன்ஸ்கூக், -12. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். அமத்தவில்லை. தெரியாமல் அமத்தியது வேறு. தெரிந்து அமத்தினால் நான் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது. கண்ணாடி முழுக்க மங்கி, உறைந்து, நான் ஒரு பெட்டிக்குள் இருப்பதுபோல் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பெப்ரவரி 7, புதன்

நாளைக்கு முப்பத்தொன்று. பிள்ளைக்கு மொட்டை வழித்து, பெயர் வைத்து, வீட்டோடு செய்கிறார்களாம். நாளையின்றைக்கு, வெள்ளிக்கிழமை, தன்னை வந்து ஏற்றச் சொன்னாள் தவமலர். நாளைக்கு வரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நியாயம்தான்.

அயன்பெட்டியால் சேட் ஒன்றை மினுக்கி வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியாது.

பெப்ரவரி 8, வியாழன்

எஞ்சின் ஸ்ராட்: ஒன்று. மாலை 5.45. குளிர் -12. பற்றரி முக்கால்வாசி. காரணம்: நான்.

மினுக்கிய சேட்டோடு போய் அதே இடத்தில் நிறுத்தினேன். மேலே எல்லா யன்னலிலும் வெளிச்சம். துணியைப் பின்னிருக்கையில் எறிந்துவிட்டுப் பொத்தானை அமத்தினேன். இருபத்துநான்கு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை எஞ்சினை எழுப்பியிருக்கிறேன். ஒருவரைக் கூப்பிட எழுப்பியது இன்றைக்குத்தான்.

எஞ்சின் உறுமியது. கண்ணாடியில் கீழிருந்து மேலாக ஆவி விலகிக்கொண்டு வந்தது. பச்சைத் திரையும் விலகியது. தவமலர் நின்றாள். பக்கத்தில் ஆரணி. பிள்ளை ஆரணியின் கையில் இருந்தது, மொட்டைத் தலையோடு. பிறகு இருவரும் யன்னலை விட்டுப் போய்விட்டார்கள். சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன். இவ்வளவு கிடைத்ததே பெரிது என்றும் நினைத்தேன்.

கீழ்க்கதவு திறந்தது. நிரூபன் வந்தான். கோட் இல்லை, காலில் வீட்டுச் செருப்பு, பனிக்குள் மெல்ல மெல்லக் கால் வைத்து வந்தான். கையில் சாசரோடு ஒரு கோப்பை, ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் கதவுக் கண்ணாடியை இறக்கினேன். இரண்டு கையாலும் நீட்டினான். வெள்ளைப் பீங்கான், பொன் விளிம்பு. வீட்டில் ஆகத் திறமான கோப்பையாக இருக்கவேண்டும்.

"குடியுங்கோ மாமா, ஆறிப்போடும்."

"தம்பி, அண்டைக்கு நான்" என்று தொடங்கினேன். மிச்சம் வரவில்லை. அவன் பொறுத்துக்கொண்டு நின்றான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அண்டைக்கு நான் செய்தது சாதித் தடிப்பு. மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"மாமி ஒவ்வொரு நாளும் இந்தச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தவ. பிறகு நிண்டுபோச்சு. மாமி அழுதவ" என்றான். பிறகு, "எனக்கு அந்தக் கப்பை மறக்கேலாது மாமா. ஆனா பிள்ளை அதை அறியத் தேவையில்லை. குடிச்சிட்டுக் கோப்பையை நீங்களே மேலை கொண்டுவந்து தாங்கோ" என்று சொல்லித் திரும்பி நடந்தான். வாசற்கதவைச் சாத்தாமல் காலிலிருந்த ஒரு செருப்பைக் கழற்றி இடையில் வைத்துவிட்டுப் போனான்.

தேத்தண்ணி எப்படி இருந்தது என்று தெரியாது. குடித்தேன். எஞ்சினை நிறுத்தினேன். கோப்பை விழுந்துவிடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன்.

தவமலர் என் சேட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். நிரூபன் பின்னால் வந்து, வையுங்கோ மாமா, நான் கழுவுறன் என்றான்.

"இல்லைத் தம்பி. குடிச்சவன்தான் கழுவோணும்."

அவனுக்கு விளங்கியது. விலகி நின்று இடம் விட்டான். கோப்பையைக் கழுவி, சாசரையும் கழுவி, அங்கிருந்த மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்து வைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். ஆரணி பிள்ளையோடு வாசலில் நின்றாள். மெலிந்திருக்கிறாள். நான் கையை நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் மகள் என்னோடு பேசிய முதல் வார்த்தையை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"முதல்ல கையைத் துடையுங்கோ அப்பா. ஈரக் கையோடையே பிள்ளையைத் தூக்கப் போறியள்?"

துணி காரில் கிடந்தது. மினுக்கிய சேட்டிலேயே துடைத்துக்கொண்டேன்.